கிராமத்துக் காவல் நிலையத்திலும் தாலுகா கோர்ட்டிலும் வழக்கு ஆவணங்களைத் தேடி வாங்குவது எப்படி?

கோர்ட் வாசலில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது இதுதான்: "கேஸ் நடக்கிறது ஐயா, கையில் ஒரு தாள்கூட இல்லை." தாலுகா கோர்ட்டில் பல வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது பழகிப் போயிருக்க வேண்டும். பழகவில்லை. சட்டம் இலவசமாகக் கொடுக்கச் சொல்லும் ஒரு காகிதத்துக்கு யாரிடமோ ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவரைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. "ரைட்டர் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற ஒரு வார்த்தையில் மறுநாள் கூலியும் போகிறது.

முதல்முறையாகக் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் ஆவணம் தேடிப் போகிறவர்களுக்காகத் தமிழ்நாட்டு நடைமுறையை இங்கே எழுதுகிறேன். அந்த அலுவலகங்களில் வழக்குக் கட்டுகள் எண்ணின்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயரைச் சொன்னால் யாராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே எண்ணைக் கண்டுபிடிப்பது முக்கால் வேலை. வேண்டியதை எழுத்தில் கேட்டு, கேட்ட தேதிக்கு ஒரு சான்று வைத்துக்கொள்வது மீதிக் கால்.

முதலில்: ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

பக்கத்து ஊர்க் காவல் நிலையத்தில்தான் எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் போய்த்தான் பலரும் முதல் நாளை வீணாக்குகிறார்கள். சம்பவம் எங்கே நடந்தது, என்ன வகை என்பதைப் பொறுத்து நிலையம் மாறும். கணவன் வீட்டுக் கொடுமைப் புகார் என்றால் பெரும்பாலும் உட்கோட்டத்தில் இருக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். அந்த நிலையத்துக்குத் தனிக் குற்ற எண் வரிசை உண்டு. தண்டவாளத்தில் நடந்த மரணம் ரயில்வே போலீசிடம். சாராய வழக்கு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் இருக்கலாம். கைபேசியில் பணம் பறிபோய் 1930க்கு அழைத்திருந்தால் மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் கேட்க வேண்டும். காட்டுக்குள் விறகு வெட்டியதாகவோ முயல் பிடித்ததாகவோ போட்ட வழக்கு காவல் நிலையத்துக்கே வராது. வனச்சரக அலுவலகத்தில் பதிவாகி நேரே நடுவர் (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்குப் போகும்.

இன்னொன்றைப் பல வக்கீல்களே மறந்துவிடுவார்கள். ஊரில் இரண்டு தரப்பு மோதிக்கொண்டு, "இனி அமைதியாக இருப்போம்" என்று பிணை எழுதிக் கொடுத்த விவகாரம், நிலத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று போட்ட தடை, திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண்ணுக்கான விசாரணை ஆகியவற்றைக் கோட்டாட்சியரோ தாசில்தாரோ நிர்வாக நடுவர் என்ற முறையில் நடத்துவார்கள். அந்தக் கோப்பு கோர்ட்டில் கிடைக்காது, கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோதான் இருக்கும். பட்டா, வில்லங்கச் சான்று கேட்டு கோர்ட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. பட்டா வருவாய்த்துறையில், வில்லங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில்.

கோர்ட்டிலும் இதே தேடல் உண்டு. சிறிய தாலுகாவில் உரிமையியலும் குற்றவியலும் ஒரே நீதிபதியிடம் இருக்கும். ஊரார் முன்சீப் கோர்ட் என்பார்கள். சொத்து மதிப்பு கூடினால் சார்பு நீதிமன்றம். கொலை வழக்கு நடுவர் கோர்ட்டில் தொடங்கினாலும் அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டுவிடும், கட்டும் கூடவே போய்விடும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில். மேல்முறையீடு போயிருந்தால் கீழ்க் கோர்ட் கட்டு மேல் கோர்ட்டில் இருக்கும். "இங்கே இல்லை" என்று எழுத்தர் சொன்னால் சோர்ந்து திரும்பாதீர்கள். "எந்தத் தேதியில், எந்தக் கோர்ட்டுக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டு அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மாவட்டப் பிரிவினையும் ஒரு சிக்கல். தென்காசி 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. மாவட்டம் பிரிந்த அன்றே கோர்ட்டும் பழைய கட்டுகளும் பிரிந்துவிடுவதில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் பழைய வழக்கைத் தேடும்போது தாய் மாவட்டத்தின் பெயரிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

எண்ணைப் பிடிப்பது

காவல் நிலையத்தில் இரண்டு எண்களைக் கேள்விப்படுவீர்கள். புகார் மனு கொடுத்ததற்குக் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்குப் பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானால் வருவது குற்ற எண்: 112/2024 என்பதுபோல. ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே நிலையத்தின் பெயரும் ஆண்டும் இல்லாமல் 112 என்று மட்டும் சொல்வதால் பயன் இல்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போனதும் வேறு எண் வந்துவிடும். குற்றவியலில் சி.சி. என்றால் நடுவர் முன் நடக்கும் வழக்கு, எஸ்.டி.சி. என்றால் சிறு வழக்கு, பி.ஆர்.சி. என்றால் அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டியது. அங்கே போனபின் எஸ்.சி. ஒரே கொலை வழக்குக்குக் குற்ற எண், பி.ஆர்.சி. எண், எஸ்.சி. எண் என்று மூன்று எண் இருக்கும். உரிமையியலில் ஓ.எஸ். என்பது அசல் வழக்கு, ஐ.ஏ. அதற்குள் போடும் இடைக்கால மனு, ஏ.எஸ். மேல்முறையீடு, ஈ.பி. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு. விபத்து இழப்பீட்டுக்கு எம்.சி.ஓ.பி.

எண் எங்கே கிடைக்கும்? முதலில் வீட்டைத் துழாவுங்கள். சம்மன், ஜாமீன் உத்தரவு, வக்கீல் நோட்டீஸ், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரத்தின் பின்பக்கம் என்று எதிலாவது ஒரு எண் இருக்கும். விபத்து, அடிதடி என்றால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் பெரிய துணை, ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். மகன் பைக் விபத்தில் அடிபட்டு நெடுநாள் கழித்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். எந்த நிலையத்தில் வழக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. விபத்து நடந்த இடம் இரண்டு நிலையங்களின் எல்லையில் இருந்தது. இரண்டிலும் "எங்களிடம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய பையில் மருத்துவமனைச் சீட்டுகள் இருந்தன. அதிலிருந்த உள்நோயாளி எண்ணை வைத்து ஏ.ஆர். நகல் வாங்கினோம். எந்த நிலையத்துக்கு, என்றைக்குத் தகவல் அனுப்பினார்கள் என்பது அதில் இருந்தது. அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டதும் பதிவேட்டைப் புரட்டினார்கள், குற்ற எண் கிடைத்தது.

இணையத்திலும் தேடலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்து முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க முடியும், சி.எஸ்.ஆர். நிலையையும் அறியலாம். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைப்பு வசதி சரியில்லாத இடங்களிலும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே இணையத்தில் இல்லை என்பதாலேயே வழக்கே பதிவாகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கோர்ட் வழக்குக்கு ஈ-கோர்ட்ஸ் தளமும் அதே பெயரில் கைபேசிச் செயலியும் இருக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது கையில் இருந்தால் அடுத்த வாய்தா, முந்தைய வாய்தாக்கள், தீர்ப்பு எல்லாம் ஒரே தேடலில் வந்துவிடும். இல்லையென்றால் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, காவல் நிலையமும் குற்ற எண்ணும் கொடுத்துத் தேடும் வசதி அங்கே இருக்கிறது. குற்ற எண்ணிலிருந்து சி.சி. எண்ணுக்குப் போக இதுதான் எளிய பாலம். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியவில்லை.

பெயரை வைத்துத் தேடுவதில் மட்டும் பொறுமை வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் எப்படி எழுதினாரோ அப்படித் தேடினால்தான் கிடைக்கும். பழனிச்சாமியின் ழகரத்தை ஒருவர் 'இசட் ஹெச்' என்றும் இன்னொருவர் 'எல்' என்றும் எழுதியிருப்பார். முத்துலட்சுமிக்கு நான்கு விதம் உண்டு. முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடுங்கள். நடப்பு வழக்கு, முடிந்த வழக்கு இரண்டிலும் பாருங்கள்.

இவை எதிலும் கிடைக்கவில்லையென்றால், நடுவர் கோர்ட்டில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒரு கோர்ட் காவலர் இருப்பார். குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து தாக்கல் செய்வதும், எண் விழுந்ததும் குறித்துக்கொள்வதும் அவர்தான். காலையில் கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்த்து, குற்ற எண்ணைச் சொல்லி, "இது கோப்புக்கு வந்துவிட்டதா ஐயா, சி.சி. எண் என்ன?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

காவல் நிலையத்தில் கேட்பது

புகார் கொடுத்தவரா, பாதிக்கப்பட்டவரா, குற்றம் சாட்டப்பட்டவரா, வெளியாளா என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(2) பிரிவு, புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அதற்கு முன் பதிவான வழக்கு என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154(2). ஜெராக்ஸ் காசுகூட நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவோ ஆள் மூலமாகவோ கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பதும் அதே 2016 உத்தரவில் இருக்கிறது. கோர்ட்டில் கேட்டால் இரண்டு வேலை நாள்.

வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள்:

"அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி). பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ______ காவல் நிலையம். ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். ______ தேதியில் நான் கொடுத்த புகாரின் பேரில் தங்கள் நிலையத்தில் குற்ற எண் ____/____ பதிவாகியுள்ளது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(2)இன்படி எனக்குச் சேர வேண்டிய முதல் தகவல் அறிக்கையின் நகலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். கதையை எழுதாதீர்கள். நிலைய எழுத்தரைக் காலையில் பாருங்கள். பெண் எழுத்தராக இருந்தால் "அம்மா" என்று அழைத்துப் பேசுவது இங்கே வழக்கம். உங்கள் பிரதியில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்றால் நிலையமே பந்தோபஸ்துக்குப் போயிருக்கும். அந்த நாளைத் தவிருங்கள்.

பிரதியில் கையெழுத்துப் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே மனுவை அன்றே ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு நிலையத்துக்கும், நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கே பதிவு செய்ய மறுத்தால், எழுத்து மூலம் கண்காணிப்பாளருக்கு அனுப்புவதும், பிறகு நடுவரிடம் மனுச் செய்வதும் 173(4) சொல்லும் வழி. அப்போது அந்தத் தபால் ரசீதுதான் உங்கள் கைச்சான்று.

இணையத்தில் இல்லாத முதல் தகவல் அறிக்கையை "இது நுட்பமான வழக்கு" என்று சொல்லி நகல் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. காரணம் கேட்டுக் கண்காணிப்பாளரிடம் முறையிட்டால், அவர் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு அமைத்து மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். நிலையத்தில் கிடைக்கவே இல்லையென்றால் கோர்ட் பக்கம் திரும்புங்கள். முதல் தகவல் அறிக்கையின் மூலப்படி எல்லைக்குட்பட்ட நடுவருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட பிரதியே வாங்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். இணையத்தில் எடுத்த தாள் படித்துப் பார்க்க உதவும். வேறொரு கோர்ட்டில் தாக்கல் செய்ய முத்திரை விழுந்த தாள்தான் வேண்டும்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதே புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்கவில்லையென்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். வழக்கை முடித்துவிட்டதாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அதை எதிர்த்து நடுவரிடம் ஆட்சேப மனுப் போட அந்த நோட்டீசும் அதன் தேதியும் தேவைப்படும்.

விபத்து வழக்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். முதல் தகவல் அறிக்கை மட்டும் போதாது. சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, எதிர் வாகனத்தின் காப்பீட்டு விவரம் எல்லாம் வேண்டும். இவற்றில் பலவற்றைக் காவல்துறைத் தளத்திலேயே கட்டணம் செலுத்திப் பதிவிறக்கலாம். நிலையத்துக்கு நடப்பது எவ்வளவோ குறையும். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாத வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், அந்த நம்பிக்கையில் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் ஆவணங்களைச் சேர்த்து மனுவைப் போட்டுவிடுங்கள்.

சான்றிதழோ ஓட்டுநர் உரிமமோ தொலைந்ததற்கு வேண்டிய அறிக்கையும் அதே தளத்தில் கிடைக்கும். அதற்காக நிலையத்தில் காத்துக்கிடக்க வேண்டாம்.

கோர்ட்டில் நகல் மனு

கிராமத்து மக்கள் அதிகம் ஏமாறுவதும் அதிகம் நாள் இழப்பதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கில் தரப்பினராக இருப்பவர் யாரும் தம் வழக்கின் ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் கேட்கலாம். வக்கீல் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நகல் மனுப் படிவத்தில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், தரப்பினர் பெயர், நீங்கள் யார், எந்த ஆவணம், அதன் தேதி ஆகியவற்றை எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "வழக்குக் கட்டு முழுவதும்" என்று எழுதாதீர்கள். "2019 மார்ச் 14 தேதியிட்ட தீர்ப்பும் தீர்ப்பாணையும் (டிகிரி)", "வாதி தரப்பு சான்றாவணம் 3" என்று குறிப்பாக எழுதுங்கள். எந்த ஆவணங்கள் இருக்கின்றன என்று தெரியாவிட்டால், முதலில் தீர்ப்பின் நகலை மட்டும் வாங்குங்கள். அதன் கடைசிப் பக்கங்களில் இரு தரப்புச் சாட்சிகளும் சான்றாவணங்களும் எண்ணோடு அட்டவணையாக இருக்கும். அதைப் பார்த்து அடுத்த மனுவைப் போடலாம்.

மனுவைக் கொடுத்ததும் சி.ஏ. எண் என்று ஒரு நகல் மனு எண் தருவார்கள். அதைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகுதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். கட்டைத் தேடி எடுத்து, நகலுக்கு எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று கணக்கிட்டு, கோர்ட் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் போடுவார்கள். உங்கள் சி.ஏ. எண் அந்தப் பட்டியலில் வந்ததும் குறித்த நாளுக்குள் அந்த முத்திரைத்தாளை வாங்கிக் கட்ட (செலுத்த) வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. வீட்டுக்குக் கடிதம் வராது. "மனுப் போட்டு மூன்று மாதம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை" என்று குமுறியவர்களில் பலருடைய மனு, யாரும் தாள் கட்டாததால் எப்போதோ தள்ளுபடியாகியிருந்தது. ஊர் தூரமாக இருந்தால், கோர்ட்டுக்கு அடிக்கடி வரும் நம்பகமான ஒருவரிடம் சி.ஏ. எண்ணைக் கொடுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் வழக்குகளை அழைக்கும் நேரத்தில் எழுத்தர்கள் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. நகல் பிரிவுக்கு மதியத்துக்கு மேல் போங்கள். மே மாதம் உரிமையியல் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசியில் மனுப் போட்டால் ஜூனில்தான் நகரும்.

நகலின் பின்பக்கத்தில் ஐந்து தேதிகள் இருக்கும்: மனுக் கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். மேல்முறையீட்டுக்கு இவை உயிர்நாடி. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். நகல் வாங்க நியாயமாகத் தேவைப்பட்ட காலத்தைக் கால வரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துத் தருகிறது. ஆனால் மனுப் போடுவதற்கு முன் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நாளை அது கழிக்காது. தாள் கட்டத் தாமதித்த நாளும் உங்கள் கணக்கில்தான் விழும். தீர்ப்பு பாதகமாக வந்தால் அன்று மாலைக்குள் நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். மேல்முறையீடு வேண்டுமா வேண்டாமா என்று பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்கலாம்.

குற்ற வழக்கில் சில நகல்கள் இலவசம். குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கட்டணமின்றி அவருக்குத் தர வேண்டும். வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தர வேண்டும். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகல் தண்டிக்கப்பட்டவருக்கு உடனே இலவசம். குற்றவியல் தீர்ப்பை இயன்றவரை ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்றவும் புதிய சட்டம் சொல்கிறது.

வெளியாளாக இருந்து, உதாரணமாக நிலம் வாங்கப் போகிறவராக இருந்து, அந்த நிலத்தின் மேல் இருந்த பழைய வழக்கின் தீர்ப்பு வேண்டுமென்றால் வெறும் படிவம் போதாது. ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். காரணம் நேர்மையாக இருந்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். அதைவிட எளிது, விற்பவரையே அவர் பெயரில் நகல் மனுப் போடச் சொல்வது. அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிக்கு முந்தைய வழக்குகளுக்கு அந்தந்த ஆண்டின் வழக்குப் பதிவேட்டைத் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். இரு தரப்பின் தந்தை பெயர், ஊர், சர்வே எண், தோராயமான ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்தால் ரெக்கார்டு ரூமில் தேடுபவருக்கு வழி தெரியும். எல்லாக் காகிதமும் என்றென்றும் இருக்காது. வைத்திருக்கும் காலம் முடிந்தவை அழிக்கப்படும். அழிக்கப்பட்டுவிட்டது என்றால் அந்தப் பதிலையே எழுத்தில் வாங்குங்கள். மூல ஆவணம் இனிக் கிடைக்காது என்று பிறகு நிரூபிக்க அது உதவும்.

தகவல் உரிமைச் சட்டம் எப்போது உதவும்?

எதற்கெடுத்தாலும் "ஆர்.டி.ஐ. போடு" என்று சொல்லும் வழக்கம் ஊரில் வந்துவிட்டது. கோர்ட் கட்டில் இருக்கும் ஆவணத்துக்கு அது சரியான வழி இல்லை. நகல் பெறக் கோர்ட்டுக்கென்று விதிகள் இருக்கும்போது அவற்றின்படியே கேட்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகையைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

காவல்துறையிடம் உங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்க அது நல்ல கருவி. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. விசாரணை நடக்கிறது என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது, தகவல் தருவதால் அது எப்படித் தடைபடும் என்று சொல்ல வேண்டும் என 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

கிடைக்காதவை, பகிரக் கூடாதவை

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிடுவது குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. சிறார் வழக்குகளிலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது. உங்கள் வீட்டு வழக்காகவே இருந்தாலும் அப்படிப்பட்ட தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உறவினர் குழுவில் போட்ட ஒரு படம் ஊர் முழுக்கப் பரவி, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் அதே கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம். நகல் மனு எழுதித் தரச் சொல்லியும் அவர்களிடம் கேட்கலாம். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நகல் கைக்கு வந்ததும்

வாங்கிய கையோடு நகர்ந்துவிடாதீர்கள். நகல் பிரிவின் முன்னாலேயே நின்று பக்கங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கோர்ட் முத்திரை, கடைசியில் "உண்மை நகல்" என்ற சான்றும் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். பெயர், தந்தை பெயர், சர்வே எண், வழக்கு எண் நான்கையும் விரல் வைத்துப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தின் ஐந்து தேதிகளில் ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, வக்கீலுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். சான்றிட்ட நகலைத் தாக்கல் செய்யும் நாள்வரை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். மடிக்காமல் வையுங்கள், மடிப்பில்தான் முதலில் எழுத்து அழியும்.